எங்கள் வீட்டு நாற்றம்

1918, கார்த்திகை, வியாழன் இரவு

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப் போகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

கடல் கடந்து பஸ்ராப் பக்கம் நடந்த சண்டையில் குண்டடிபட்டுப் பாதத்தை இழந்து வந்த அப்பாவுக்கு, இனி முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டுமாம். புண் அழுகிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

"நாத்தம் வந்தா உடனே இட்டுக்கினு வரச் சொன்னேனே!" என்று நர்சம்மா அம்மாவைக் கேட்டார். கட்டுப்போட எங்களுக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாததால் அவர் சொன்னதையெல்லாம் நான்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன். 'கெட்ட நாற்றம்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

"நாள் பூரா தோல் கிடங்குல பச்சத்தோல் அலசுறவ நான். எனக்கு இன்னா நாத்தம் தெரியும் நர்சம்மா?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரித்தபோதே மூக்கில் ஏறியது. அம்மாவின் புடவைதான் என்று நினைத்தேன். முன்பு ஒரு நாள் நான் மூக்கைப் பொத்தியதற்கு, "சோறு மட்டும் நாறலியாடி?" என்று கேட்டவள் அவள். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவில்லை. சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "இந்தக் கைதான் அவரு காலைத் தின்னுச்சு" என்றாள். நான் தண்ணீர் ஊற்றினேன். தோல் உரிந்து ரத்தம் வந்தும் அவள் நிறுத்தவில்லை. கைப்புண்ணுக்கு என்ன செய்வதென்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் காலைப் பற்றித்தான் இருக்கிறது.

"பாடமாடி எழுதுற?" என்று இப்போது கேட்டாள்.

ஆமாம் என்றேன். விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.