உன் தொலைவு வில்லையும் என் பிழையும்

என் வாழ்வின் துணையே,

வணக்கம். நான் நலம். உன் பல்வலி தணிந்ததா?

நேற்று வானூர்தியில் பறந்து, மின்னணுப் படக்கருவியில் உன் பழைய தொலைவு வில்லையை, அதுதான் உன் லென்ஸை, பொருத்தி ஊரைப் படமெடுத்தேன். அதிர்வில் நகராதிருக்க, தெளிவைச் சரிசெய்யும் வளையத்தை மிகத் தொலைவுக்கான குறியிலேயே வைத்து நாடாவால் ஒட்டிவிட்டேன். புதுக் கருவியில் அக்குறி பொருந்தாதென்று அறியாததால், படங்கள் யாவும் கலங்கிவிட்டன.

"ஊரைப் புடிக்கச் சொன்னா மூடுபனியைப் புடிச்சிருக்கீங்களே அண்ணே," என்றார் வானோட்டி. நானும் சிரித்தேன். அஞ்சாதே, வேலை போகவில்லை.

நீயாக இருந்தால் குறியை நம்பாமல் கண்ணால் பார்த்து வளையத்தைத் திருப்பியிருப்பாய். நான் புறப்பட்ட அன்று, "லென்ஸோட என்னையும் கூட்டிட்டுப் போங்க, நானும் படம் எடுக்கிறவதானே," என்றாய். நானோ வில்லையை மட்டும் எடுத்துவந்தேன்.

இங்கே இன்னொரு படக்கலைஞர் வேண்டுமாம்; உன்னைச் சொல்லியிருக்கிறேன். நான் மறந்துவிட்டு வந்த கம்பளிச் சட்டையை அஞ்சலில் அனுப்பாதே. இயன்றால் நீயே கொண்டுவா. வானூர்திக்கு அழைக்கிறார்கள். 'இயன்றால்' என்று எழுதியதை 'மன்னித்தால்' என்று படித்துக்கொள்.

உன் கணவன்