ஐப்பசியில் வந்த ஆறுமணிக் குருவி

2068 அக்டோபர் 19, காலை 6.10
தென்காசி, குளக்கரைப் பூங்கா. பதிவு: மீனலோசனி, பறவை ஆய்வாளர். மூட்டம், மழையில்லை. மஞ்சள் வாலாட்டி 14. தகைவிலான் அறுபதுக்கு மேல். ஊர்ச் சிட்டுக்குருவி 22. வலசை வந்தவற்றோடு ஒரே தட்டில் தீனி தின்கின்றன.

அக்டோபர் 20, காலை 6.25
இந்த ஆண்டின் முதல் ஆறுமணிக் குருவி. புதருக்குள் ஒளிந்தே திரியும் பறவை. இன்று நடைபாதை நடுவில் நின்றது. குனிந்து எடுத்தேன். திமிறவில்லை. உடல் அனலாகக் கொதித்தது. காலில் எங்கள் இமயமலை அடிவார நிலையத்தின் வளையம், குரலையும் பதிந்துவைக்கும் வகை. அங்கே வேலை பார்க்கும் என் சகா சிவதாணு மாட்டியது. பத்து நாளாக அவரிடமிருந்து தகவல் இல்லை. மழையில் ரேடியோக் கோபுரம் சாய்ந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

காலை 7.40
வளையத்தைக் கழற்றி ஓடவிட்டேன். சிவதாணுவின் குரல்.
"லோசனி, சிவதாணு பேசுதேன். ரேடியோ போயிட்டு. ஆறு பேர்ல நான் மட்டுந்தான் மிச்சம். பயம் விட்டுப்போயி கிட்ட வாற பறவையத் தொடாத. தொட்டா மூணாம் நாள் காய்ச்சல்... இந்தக் குருவி கொத்துது, திமிறுது. நல்ல குருவிதான். அதான் இதுல சொல்லி அனுப்புதேன்."
பிறகு இருமல்.
என் கைகளை மூன்று முறை கழுவிவிட்டேன்.

காலை 8.05
நடக்க வந்த ஒன்பது பேரையும் வெளியே அனுப்பினேன். வாயிற்கதவை உள்ளிருந்து பூட்டினேன். மருத்துவக் குழுவுக்குச் சொல்லியாயிற்று: வலசைப் பறவைகளை யாரும் தொடக்கூடாது. ஒலிபெருக்கியில் ஊருக்கும் அறிவித்துவிட்டார்கள்.

அக்டோபர் 21
ஆறுமணிக் குருவி இறந்தது. தட்டில் சிட்டுக்குருவி 9.

அக்டோபர் 22, மாலை 4.50
காய்ச்சல் 103. மருந்தை மதிலுக்கு மேலே கயிற்றில் இறக்குகிறார்கள். எழுத்து கோணுகிறது. தட்டில் சிட்டுக்குருவி ஒன்றுகூட இல்லை. பூங்கா முழுக்கத் தேடினேன். செத்தும் கிடக்கவில்லை. எங்கே போயின? ஒரே தட்டு. ஒரே தட்டில்தானே தின்றன. அறிவிப்பில் வலசைப் பறவை என்று மட்டும் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

5.15
வீட்டிலிருந்து கணவர் சங்கரபாண்டி அழைத்தார்.
"லோசனி, கஞ்சி குடிச்சியா? ஒண்ணு சொல்லுதேன் கேளு. நம்ம மொட்டைமாடியில சிட்டுக்குருவி வந்திருக்கு. கைய நீட்டுனா ஏறி உக்காருது!"
தொடாதீர்கள் என்று கத்தினேன். பாதிக்குரல்தான் வந்தது.
"அட, அது வெளியூர்ப் பறவைக்குத்தான சொன்னாவ. இது நம்ம ஊர்க்குருவில்லா. தெருவுல எல்லா வீட்டுலயும் பிள்ளைங்க குருவியக் கையில வச்சுக்கிட்டு நிக்குதுவ. இந்தா, சத்தத்தக் கேளு..."
கேட்கிறது. தொண்டையில் சத்தம் வர மாட்டேன் என்