இராஜம்மா போடவிருக்கும் கையெழுத்து

கோலசிலாங்கூர், மலேசியா
வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

நித்தியா எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் நலம். போனில் பேச எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

அப்பாவைச் சட்டமன்றத் தேர்தலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். சனிக்கிழமை வேட்புமனு. பன்னிரண்டு மாடு வைத்திருந்தவரை, ஜெயித்து மாண்புமிகு ஆகிவிட்டதைப்போல இப்போதே 'வைபி' என்று கூப்பிடுகிறார்கள். மனுவை நான்தான் நிரப்புகிறேன். அதில் முன்மொழிபவர் கையெழுத்தை இராஜம்மா அத்தை போடுவதாக இருக்கிறார்.

இன்று மதியம் அவரே வந்தார். "மாட்டு வைபி இருக்காருலா? பெரிய ஆளாயிட்டா நமக்குத் தேத்தண்ணி கிடையாதா?" என்று சிரித்தார். பிறகு அப்பாவைக் காட்டி, "எம்புள்ள தீபன் ராத்திரி ரோட்டுல மாட்டுல மோதிச் செத்தப்ப, எம்மாடு இல்ல, எம்மாடு இல்லன்னு எல்லாரும் கதவச் சாத்துனாங்க. அண்ணன்தான் கொட்டாய் கொட்டாயா போயி மாட்டுக் காதுல நம்பர் மாட்ட வச்சாரு. அந்த ரோட்டுக்கு லைட்டு வாங்கிக் குடுத்தாரு. நான் போடாம வேற யாரு போடுவா?" என்றார். அப்பா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை.

அண்ணா, ஆறு வருடமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். தீபன் இறந்த மறுநாள் விடியற்காலையில் நீயும் அப்பாவும் குழாயடியில் நம் செவலையின் கொம்பைக் கழுவியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். நீ துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாய். முந்தின இரவு கொட்டகையைப் பூட்டுவது உன் முறை. அடுத்த மாதம் நீ அயர்லாந்துப் பண்ணை வேலைக்குப் போய்விட்டாய். அப்பா கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். ஊர் அதை அரசியல் என்றது. நான் அப்படி நினைத்ததில்லை.

அத்தை போனதும் அப்பா மனுவை என்னிடம் நீட்டினார். "அவங்க பேர எழுதாதம்மா. நாளைக்குப் போயி சொல்லிடறேன். கையெழுத்து வாங்கிட்டு எந்த வாயால சொல்றது?" என்றார். பூட்டாமல் விட்டது தான்தான் என்று சொல்லப்போகிறாராம். உன் பெயர் வராதாம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

நானும் கூடப் போகிறேன். நாளை மாலை ஆறு மணி. உனக்கு அப்போது காலை, கறவை முடிந்திருக்கும். அங்கிருந்து உன்னை அழைப்பேன். எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தை உன்னை விசாரித்தார். அந்தக் குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை வைத்திருக்கிறாயா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா.

உன் தங்கை,
நித்தியா