டீசல் வண்டிக்கான தனிக் கருவிகள்

அண்ணா,

இன்று காலை நம் வீட்டு வாசலில் மாங்காய் ஏற்றிய டீசல் பிக்கப் ஒன்று நின்றுபோனது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவதற்குள் புகை கூடம் முழுக்க வந்துவிட்டது. டிரைவரும் கூட வந்தவனும் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே பார்த்தார்கள். பார்த்ததோடு சரி. பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே நூற்றெட்டு சாமான்கள், ஒவ்வொன்றும் தன் தன் பள்ளத்தில் படுத்துக்கொண்டு மினுங்கின. "திருப்பதில வாங்கினேன். இதுல இல்லாததுன்னு ஒண்ணுமே கிடையாது" என்று அவன் பெருமையாகச் சொன்னான். அந்த நூற்றெட்டில் ஒன்றுகூட அந்த என்ஜினுக்கு உதவவில்லை. கடைசியில் எதிர்க் கடையில் சுத்தியல் இரவல் வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இந்தக் கூத்தை உன்னிடம் ஒரு முறை பார்த்ததே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அடக்க ஆராதனையில் சர்ச் ஐயர் உன்னைத் 'தங்கக் கை மெக்கானிக்' என்று சொன்னார். எந்தக் கை என்று நான் எழுந்து கேட்கவில்லை. உன் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பது அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் கையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவன் நீ. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். அதனால்தான் நான் அன்று பேசவில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரியின் பிக்கப்பில் ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டித் தமிழில் கத்துவார்கள். மறுநாள் அதே பிக்கப்பில், அதே ஒலிபெருக்கியில், தெலுங்கில் கத்துவார்கள். இரண்டு கட்சிக்கும் வண்டியை வாடகைக்கு விட்டவர் அவர். இரண்டு மேடையிலும் மாலை வாங்கிக்கொண்டவரும் அவர்தான். எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் அவருடைய மாங்காய் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேசபக்தி. நீயோ அவரைக் கண்டால் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பாய்.

அந்தப் பிக்கப் உலக யுத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் வந்த அமெரிக்க வண்டி. பெட்ரோல் குடிக்கிறது என்று அதன் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெட்ராஸில் ஓர் இங்கிலீஷ் டீசல் என்ஜினை வைத்துக் கொண்டுவந்திருந்தார். உடம்பு ஒரு நாடு, இதயம் ஒரு நாடு. அதை, நீ வண்டி ரிப்பேர் பார்த்த நம் தகரக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "ஏமப்பா, சீசன் முடியற வரைக்கும் பண்டி நிக்காம ஓடணும். ஓடினா என் நாலு லாரியும் உன் ஷெட்டுக்குத்தான். நின்னுச்சோ, மொத்தமும் மெட்ராஸ்காரன் கைல குடுத்துடுவேன். நேரா செப்பு, அவுதுந்தா லேதா?"

"அவுதுந்தண்ணா", ஆகும் என்றாய், கண்ணை இமைக்காமல். அதுவரை நீ ஒரு டீசல் என்ஜினின் மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

நாலு லாரி வந்தால் அந்தக் கொட்டகை ஒரு ஒர்க்‌ஷாப் ஆகும். வராவிட்டால் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அது எனக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த என்ஜினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை உனக்கு வாசித்துச் சொல்ல ஒப்புக்கொண்டேன். நீ நாலாம் வகுப்போடு நின்றவன், நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

நம் வீட்டில் வாசிப்பு எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம், நான் ஒரு அதிகாரம் வாசிக்க வேண்டும். வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும், ஒரு வசனத்தையும் தாண்டக் கூடாது. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று பெயர்ப் பட்டியல் வந்தால்கூட, அப்பா என்ற அதிகாரத்தில் நைனா ஒரு பெயரையும் விடவிடமாட்டார். அந்தப் பழக்கத்தில், ஜெபம் முடிந்ததும் என்ஜின் புத்தகத்தையும் அதே மாதிரி தினம் ஒரு பாகமாக வாசிக்கச் சொன்னாய். நானும் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அன்றைய பாகத்தைத் தமிழில் பெயர்த்துப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவேன். நைனா கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டன் ரிங்கைப் பற்றியும் பக்தியோடு கேட்பார்.

கருவிகளைப் பற்றிய பாகம் வந்த ராத்திரி நீ ஓலைப்பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"இன்னா போட்டுக்கீது?" என்றாய்.

"இந்த என்ஜினுக்குன்னு தனியா சில சாமான் வேணுமாம். சாதாரண ஸ்பானரை வெச்சிக்கினு இதைத் தொடாதேன்னு போட்டுக்கீது."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரை வளைக்காமல் நேராக வெளியே இழுக்க ஒரு புல்லர். நட்டை அளவாக முறுக்க, எவ்வளவு முறுக்கினோம் என்று முள் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச். இங்கிலீஷ் அளவு ஸ்பானர் செட் ஒன்று. வண்டியில் இருக்கும் அமெரிக்க அளவு இதற்குச் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக நாசில் டெஸ்டர். இன்ஜெக்டரை அதில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் டீசல் எப்படிப் பீச்சுகிறது, எந்த அழுத்தத்தில் பீச்சுகிறது என்று தள்ளி நின்றே பார்த்துக்கொள்ளலாம். பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் இவற்றையெல்லாம் தமிழில் எழுதி, முதலில் வாங்க வேண்டியது டெஸ்டர் என்று அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நீ மெட்ராஸுக்கு ரயில் ஏறினாய்.

திரும்பி வந்தபோது உன் தோளில் ஒரு பெட்டி இருந்தது. சிவப்பு வெல்வெட் விரித்த பெட்டி. உள்ளே முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் சாக்கெட்டுகள், எல்லாம் அமெரிக்க அளவு. அண்ணி அதற்குப் பொட்டு வைக்காதது ஒன்றுதான் குறை. கிறிஸ்தவ வீடாகப் போய்விட்டது. ஊரில் இருந்த டிரைவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். நீ ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்துக் காட்டினாய். கடைக்காரன் உன் பனியனைப் பார்த்ததும் எதை விற்கலாம் என்று முடிவு செய்துவிட்டான் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

"நாசில் டெஸ்டர் எங்கேணா?" என்றேன்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் சாமான் விக்கறதுக்கு எழுதறது. எனக்குக் கை கீது, போதும்."

"புல்லர்? இங்கிலீஷ் ஸ்பானர்?"

வியாபாரியும் அங்கேதான் நின்றிருந்தார். நீ அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாய். "பாத்தீங்களாண்ணா, பொட்டச்சி புஸ்தகத்தைப் படிச்சிக்கினு என்ஜின் ரிப்பேரு பண்ண வந்துட்டா. போய் பசங்களுக்கு அ ஆ சொல்லிக்குடுமே" என்றாய். அவர் சிரித்தார். டிரைவர்களும் சிரித்தார்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அன்று ராத்திரி ஜெபம் முடிந்ததும் நீ வழக்கம்போலப் பாயை இழுத்துப் போட்டாய். வெட்கமே இல்லை உனக்கு. "படி" என்றாய். நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"முடிஞ்சி போச்சு. மிச்சமெல்லாம் ஸ்பேர் பார்ட்டு நம்பரு."

"எல்லாம் படிச்சிட்டியா?"

"எல்லாம் படிச்சிட்டேன்."

நீ அதோடு விட்டுவிட்டாய். படுத்ததும் குறட்டை.

பிறகு உன் வித்தைகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க சாக்கெட் இங்கிலீஷ் நட்டில் நிற்காமல் வழுக்கும். நீ உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டை இடுக்கில் சொருகித் திருப்புவாய். நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகிப் போகும். இன்ஜெக்டரைக் கடப்பாரை வைத்து நெம்பினாய். இதற்குத்தான் வெல்வெட்டா என்று எனக்குச் சிரிப்பு வரும். உனக்கும் கேட்கிற மாதிரிதான் சிரிப்பேன். மழுங்கிய நட்டுக்கு மேல் வெல்வெட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் டீசலைப் பற்றி நீ பிரசங்கம் செய்வாய்.

சீசன் நடுவில் பிக்கப் கரும்புகை கக்க ஆரம்பித்தது. மாங்காய் கூடைகள் தோட்டத்தில் காத்திருந்தன. நீ இன்ஜெக்டரைக் கழற்றி, வெளியே தொங்கும்படி அதன் டீசல் பைப்பிலேயே திரும்ப மாட்டினாய். டிரைவரை என்ஜினைச் சுற்றச் சொன்னாய். பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டர் ஜெட்டை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்துப் பழகிய கை உன்னுடையது. அதே கையை இதற்கு எதிரிலும் நீட்டினாய்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நீ உள்ளங்கையைக் காட்டினாய். நடுவிரலுக்குக் கீழே ஊசி குத்தியது போல ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் கீது. ஆனா ஃபோர்ஸு நல்லாத்தான் வருது" என்றாய்.

"கைதான் போதுமே உனக்கு" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

விளக்கு வைப்பதற்குள் கை வீங்கிவிட்டது. நீ மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டாய். மூன்றாம் நாள் விரல்கள் கறுத்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்த பிறகும் உள்ளங்கையைக் கீறி டீசலை வழித்தெடுத்தார்கள். மீதி விரல்கள் மடங்குவதை நிறுத்திக்கொண்டன. ஸ்பானர் பிடிக்கிற கை அன்றோடு முடிந்தது. வியாபாரி உன்னைப் பார்க்க ஒரு கூடை மாங்காய் அனுப்பினார். வண்டியையும் நாலு லாரிகளையும் மெட்ராஸ்காரனுக்கு அனுப்பினார்.

பிறகு எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி அந்த மெட்ராஸ் பக்கம், சத்தியவேடு நம்மோடு இந்த ஆந்திரப் பக்கம். வியாபாரி இரண்டு பக்கமும் லட்டு கொடுத்தார். நீ மார்க்கெட் ரோட்டு பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்து, இடது கையால் லாரிகளுக்கு டீசல் ஊற்றினாய். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: முட்டாள், பளபளப்பைப் பார்த்து வாங்கினவன், பொம்பளை பேச்சைக் கேட்காதவன், உனக்கு இது வேண்டும். ஐம்பது வருஷம் சொன்னேன். உன் பெட்டி குழியில் இறங்கும்போதுகூடச் சொன்னேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது அண்ணா. அது என்ன சௌகரியம் என்று உனக்குக் கடைசிவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டது உனக்கு நினைவிருக்கும். நான் கஞ்சித் தூக்கோடு உன் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"என்ஜினோட புஸ்தகம் வந்திருக்குமே. இப்படிக் கையை நீட்டக் கூடாதுன்னு அதுல போட்டிருப்பாங்களே. யாரும் படிச்சுச் சொல்லலையா?" என்றார் அவர்.

உனக்குப் பேசவே தெம்பில்லை. ஆனாலும் தலையைத் தூக்கினாய். வாழ்நாளில் ஒரு தடவைகூட என்னை நீ மெச்சினதில்லை, அன்றைக்குப் போய் மெச்சினாய்.

"இல்லீங்க சார். என் தங்கச்சி டீச்சரு. ஒரு எழுத்து விடாம படிச்சா. போட்டிருந்தா அவ சொல்லியிருப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தூக்கின் மூடியைத் திறந்து கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தேன். பங்கில் உன் கையைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் நீ அதே பதிலைத்தான் சொன்னாய் என்று அண்ணி பிற்பாடு சொன்னாள்.

டாக்டர் கேட்டது, நான் புத்தகத்தை மூடிவைத்த ராத்திரி வாசித்திருக்க வேண்டிய பக்கம். பட்டியலை எழுதிக் கொடுத்த கையோடு, நீ மெட்ராஸ் போயிருந்தபோதே, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பெயர்த்து வைத்திருந்தேன். புத்தகம் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. 'டீசல் பீச்சும்போது எதிரே கையை நீட்டாதே, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும் அண்ணா' என்று பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. இங்கிலீஷில் 'அண்ணா' இல்லை, அதை நான்தான் சேர்த்திருந்தேன். இன்று வரை அதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.