வியாகுல மாதாவுக்கு உடுத்துபவன்

சான் ரொசெண்டோ, பம்பாங்கா, பிலிப்பைன்ஸ்
20 பெப்ரவரி 2024

மதிப்பிற்குரிய அருட்தந்தை ருஃபீனோ அவர்களுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஊரில் சொல்வதுபோல் நான் வியாகுல மாதாவைப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. அவ்வளவு பெரிய பீரோ எங்கள் வீட்டில் கிடையாது. தவக்காலம்தோறும் நிற்கிற இடத்தில், கூடத்தில், வெள்ளைத் துணிக்குள் நிற்கிறாள். என் மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து அந்தச் சொரூபம் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தம். பெரிய வெள்ளிப் பவனிக்கு மட்டும் கோவிலுக்கு வருகிறது.

அவளுக்கு உடை உடுத்துபவன் என் மகன் அன்செல்மோ. பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே தொடங்கியது. தைபேயில் வேலைக்குப் போன பிறகும் ஆண்டுதோறும் இதற்காகவே விமானம் ஏறி வருகிறான். போன நவம்பரில் அங்கே வேய் மிங் என்ற பல் மருத்துவரைச் சட்டப்படி மணந்துகொண்டான். நான் போய் ஆசீர்வதித்ததாகவும் ஒரு பேச்சு. நான் போகவில்லை. கல்யாணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்றுதான் மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் எனக்குக் கற்பித்தார்கள். அதை அவனிடமே தொலைபேசியில் சொன்னேன்.

"சரிம்மா, கல்யாணம் இல்லைன்னே வச்சுக்குங்க. அந்தாளுக்கு மீன் சினிகாங் புளிக்குழம்பு பிடிக்குமான்னு மட்டும் கேளுங்க" என்றான்.

ஞாயிறன்று உங்கள் கோவில்பிள்ளை வந்து, இந்த வருடம் அன்செல்மோ மாதாவைத் தொடக் கூடாது என்று நீங்கள் சொன்னதாக வாசற்படியில் நின்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். உண்மைதானா?

இப்படிக்கு,
சோலெதாத் லக்சமானா


பங்கு இல்லம்
24 பெப்ரவரி

அன்புள்ள சோலெதாத் அம்மா,

சமாதானம் உண்டாகட்டும். மூட்டுவலி தேவலையா? அனுப்பிய பிபிங்கா அரிசிக் கேக்குக்கு நன்றி. ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

கோவில்பிள்ளை அவசரக்காரர். யாரும் யாரையும் விலக்கவில்லை. அன்செல்மோவைப்போல் மாதாவின் முக்காட்டை மடிக்க இந்த மறைமாவட்டத்திலேயே ஆளில்லை. ஆனால் பங்குப் பேரவையில் பேச்சு கிளம்பியிருக்கிறது. திருச்சபை எல்லாரையும் அரவணைக்கிறது. அதே சமயம் போதனை போதனைதான்.

ஒரு வழி சொல்கிறேன். அவர் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தட்டும். பவனியில் மட்டும் சப்பரத்தோடு நடக்க வேண்டாம். உடன் வருபவர் விடுதியில் தங்கினால் யாருக்கும் இடறல் இராது. இதெல்லாம் எழுதிப் பேசுகிற விஷயமில்லை, அம்மா. காப்பி குடிக்க வாருங்கள்.

ஆண்டவரில் அன்புடன்,
ருஃபீனோ பமிந்துவான்


28 பெப்ரவரி

மதிப்பிற்குரிய அருட்தந்தைக்கு,

காப்பி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இடறல் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேரவைத் தலைவர் தோன் எலிசியோ பவனிக்கு முன்னால் சிலுவை தூக்குகிறார். அவருடைய இரண்டு குடும்பங்களும் உங்கள் கோவிலில்தான் உட்காருகின்றன, ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். நடுவே நடந்து வரும்போது அவர் கால் எதிலும் இடறி நான் பார்த்ததில்லை.

இத்தனை காலம் என் மகன் "நண்பர்" என்று சொல்லி வேய் மிங்கை அழைத்து வந்தான். யாரும் வாய் திறக்கவில்லை. தவறென்றால் அன்றும் தவறு. மறைத்திருந்த வரையில் மாதாவைத் தொடலாம், உண்மையைச் சொன்னபின் தொடக் கூடாது என்பது எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது? பாவத்தை அறிக்கையிடத்தான் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கதவைச் சாத்தச் சொல்லித் தரவில்லை.

உங்கள் கடிதத்தை அன்செல்மோவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"ஒளிஞ்சு வந்தாத்தான் மகன்னா, நான் வரலம்மா. இனி எந்த வருஷமும்" என்றான். பிறகு, "நீங்க சம்மதமெல்லாம் சொல்ல வேண்டாம். பக்கத்துல நடந்தாப் போதும்" என்றான்.

எனக்கு ஒரே பிள்ளை. அவன் நடக்கலாமா, கூடாதா? ஒரு சொல் போதும்.

சோலெதாத் லக்சமானா


5 மார்ச்

அன்புள்ள அம்மா,

ஆயர் இல்லத்தில் கேட்டிருக்கிறேன். ஆயர் வெளியூரில் இருக்கிறார். இத்தகைய ஜோடிகளை ஆசீர்வதிப்பது பற்றி டிசம்பரில் ரோமாபுரியிலிருந்து வந்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். பவனியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது. எதை எழுதினாலும் பாதிப் பங்குமக்கள் எனக்கு எதிரிகளாகிவிடுவார்கள். இந்த வருடம் மட்டும் மாதாவுக்கு நீங்களே உடுத்தினால் என்ன? ஜெபிப்போம். காப்பி வேண்டாமென்றால் சூடான சொக்கலாத்தே தருகிறேன்.

ருஃபீனோ


குருத்து ஞாயிறு
24 மார்ச்

மதிப்பிற்குரிய அருட்தந்தைக்கு,

அதன்பின் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, நீங்கள் எனக்கு எழுதியவற்றில் அந்த ஒரு வரிதான் நேரானது. அதற்கு நன்றி.

நீங்கள் சொன்னபடி மாதாவுக்கு நானே உடுத்திப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை. மாதா அரிசிச் சாக்குபோல் நின்றாள். படமெடுத்து அன்செல்மோவுக்கு அனுப்பினேன்.

"ஐயோ அம்மா, ஃபாதர் மேல உள்ள கோபத்த அவங்க மேலயா காட்டுவீங்க?" என்றான்.

"நீ வந்து உடுத்து. வந்தா நீயும் நடக்குற" என்றேன்.

வாக்குக் கொடுத்தது நான். உங்களைக் கேட்காமல்தான் கொடுத்தேன்.

நேற்று இருவரும் வந்தார்கள். விடுதியில் இல்லை, என் வீட்டில் இருக்கிறார்கள். கூடத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தேன். எதிர்வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அன்செல்மோ கருப்பு வெல்வெட்டை மடித்தான். அந்த மனிதர் குண்டூசித் தட்டை ஏந்தி நின்றார். ஊசிகளை வாயில் கவ்விக்கொள்ள அன்செல்மோ சொன்னதற்கு, பல் மருத்துவர் அப்படிச் செய்யலாமா என்று மறுத்துவிட்டார். மாதாவின் நெஞ்சில் ஏழு வியாகுலங்களுக்கான ஏழு வாள்களையும் செருகும்போது, அன்செல்மோ மூலமாக என்னிடம் ஒன்று கேட்டார்.

"இத்தனை குத்துப்பட்டும் இவங்க ஏன் உட்காரல?"

"பிள்ளை மேல சிலுவையில தொங்குறான். இவ உட்கார்ந்துட்டா அவன் கண்ணுக்குத் தெரியமாட்டா" என்றேன்.

சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

என் எண்ணம் மாறிவிட்டது என்று ஊர் சொல்லத் தொடங்கும். மாறவில்லை. அது கல்யாணம் என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் என் மகன் என்பதற்கு அந்த ஒப்புதல் தேவைப்படவில்லை.

பெரிய வெள்ளி மாலை சப்பரம் கோவில் வாசலுக்கு வரும். வலப்பக்கம் அன்செல்மோ, இடப்பக்கம் நான், பின்னால் வேய் மிங். தடுப்பதென்றால் கோவில்பிள்ளையை அனுப்பாதீர்கள். காரணத்தை உங்கள் கையால் எழுதி, கையெழுத்திட்டு அனுப்புங்கள். அனுமதிப்பதென்றாலும் அப்படியே.

வியாழக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும்.

சோலெதாத் லக்சமானா