நரைத்த தலைக்கு நாலு பாக்கெட்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முட்டுவலி இப்போது தேவலையா?

இங்கே வேலை குறைந்துவிட்டது. காலையில் கம்பெனி வாசலில் வரிசையாக நிற்கிறோம். மேஸ்திரி நரைக்காத தலையாகப் பார்த்து உள்ளே விடுகிறார். நேற்று நான் செய்த கூத்தைக் கேட்டுச் சிரிக்காதே. ஷூ பாலிஷைத் தலையில் பூசிக்கொண்டு போனேன்.

“நீ உள்ள வாப்பா” என்றார்.

மூட்டை தூக்கத் தூக்க, வியர்வையோடு கறுப்பும் கழுத்தில் வழிந்தது. அவர் வந்தபோதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயங்காலம் கூலியைக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு வராதீங்க, பெரியவரே” என்றார்.

வேறு வாசலா இல்லை? இதைக் கொண்டுவரும் பக்கத்து அறைக்காரர் திரும்பும்போது, ஒட்டிக்கொள்கிற தலைச்சாயமாக நாலு பாக்கெட் கொடுத்தனுப்பு. அவருக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

சாயம் வந்து சேரும்வரை சின்னவள் வீடியோவில் பார்க்கணும் என்று அடம்பிடித்தால், அப்பா வேலையில் இருக்கிறார் என்று சொல்.

உன்னவன்