பின்கதவுப் பூட்டு

செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ இதைக் கிழித்துவிடுவாய், கேட்கவில்லை. என் போனை நீ எடுப்பதில்லை. உன் வீட்டுக்குள் இன்னும் அனுமதி உள்ள என் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தானை வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்தது நான்தான். எங்கள் பஸ் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு பகை சேர்ப்பது. பஸ்ஸுக்கடியில் படுப்பவர் பேட்டரி சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை யாரும் வண்டியைக் கிளப்ப முடியாது. விதி அவ்வளவுதான்.

நேற்று அத்தான் அடியில் இருக்கும்போதே பக்கத்து ஃபிட்டர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். ஃபேன் சட்டைக் கையைக் கிழித்ததோடு விட்டது. "இதுல தொங்கினது என் பூட்டு, என் சாவியாலதான் தொறந்தேன்" என்கிறார் அவர். அத்தானோ, மாட்டிவிட்டுத்தான் படுத்தேன் என்று ஒரே பிடி. அடுத்த பஸ்ஸில் தொங்கிய பூட்டில் அத்தான் சாவியைப் போட்டேன். திறந்தது. வண்டி மாற்றி மாட்டியிருக்கிறார், வேறென்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் வேலையை விட்டே அனுப்பத் துடிக்கிறார். மறதியில் வண்டி மாற்றி மாட்டிவிட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் காப்பாற்றிவிடுவேன். நீ சொன்னால் கேட்பார்.

கவலையுடன்,
தம்பி

புதன்

பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு,

என் புருஷனுக்கு மறதியா? அடுப்பை அணைத்தேனா என்று நான் பாதி வழியில் நின்றால், அணைத்தாயிற்று வா என்கிற மனுஷன் அவர். செய்யாததைச் செய்தேன் என்று எழுதித் தர மாட்டாராம். தூக்கத்தில் கையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் உறவும் வேண்டாம்; பட்டறைக்கு மொத்தமாக வாங்கியதில் மிச்சம் என்று எங்கள் பின்கதவுக்கு நீ கொடுத்த பூட்டும் வேண்டாம். கழற்றி அனுப்பியிருப்பேன், சாவியைக் காணோம். அதற்கும் ஒரு தண்டனை எழுதிக்கொள்.

இப்படிக்கு,
குற்றவாளியின் மனைவி

வியாழன் காலை

தம்பி,

விடாமல் கூப்பிடுகிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். பட்டறைக்குள் போன் கூடாது என்று விதி போட்ட புண்ணியவான் நீதானே. அத்தான் செருப்பு மாட்டுவதற்குள் இதை எழுதுகிறேன். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

பின்கதவுப் பூட்டை உடைக்கச் சுத்தியலோடு போனேன். "இரு, கை நசுங்கும்" என்று தடுத்தவர், சும்மா தன் பட்டறைச் சாவியைப் போட்டுப் பார்த்தார். திறந்துகொண்டது. உடனே பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

மொத்தமாக என்னடா வாங்கினாய்? இப்போது எத்தனை பேர் அடியில் படுத்திருக்கிறார்கள்? முதலில் எல்லோரையும் எழுப்பு.

அக்கா

வியாழன் மாலை

அக்காவுக்கு,

அத்தானைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள், என் உத்தரவுப்படி. அவர் போட்ட சத்தத்தில்தான் ஓடினேன். எல்லோரையும் வெளியே வரவழைத்துவிட்டு, அவர் சாவியால் ஒவ்வொரு பூட்டாகத் திறந்தேன். ஒன்றுகூட மறுக்கவில்லை. நான் பேரம் பேசி வாங்கிய லட்சணம் அது. பக்கத்து ஃபிட்டர்தான் வண்டியை மாற்றி நினைத்திருக்கிறார். அவர் சாவிக்கு அத்தான் பூட்டு திறந்தது. அவர் பூட்டை நான் அத்தான் சாவியால் திறந்து, சாட்சி என்றேன்.

பூட்டு வாங்கியவன் நான், அத்தான் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை விசாரணை எனக்கு. அத்தான், "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, மாப்ளே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். உன் பின்கதவு இன்று பூட்டில்லாமல் கிடக்கும். புதிது வாங்கி வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. காவலுக்கு அங்கே வந்து படுத்துக்கொள்கிறேன். அனுமதி உண்டா?

தம்பி